ஹூக்கும் க்ரூக்கும்

அன்புள்ள ஐயா,

'எப்பாடுபட்டாவது' என்ற பொருளில் வழங்கும் 'பை ஹூக் ஆர் பை க்ரூக்' அயர்லாந்தில் பிறந்த தொடர் என்கிறார்களே? ஹூக் வழியாகவோ க்ரூக் வழியாகவோ அங்குள்ள வாட்டர்ஃபோர்டு நகரைப் பிடித்தே தீருவேன் என்று ஆங்கிலப் படைத்தலைவர் குரோம்வெல் சூளுரைத்தாராம். இது வரலாறா, கட்டுக்கதையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு ஊர்களும் உண்மையில் இருப்பவை. வாட்டர்ஃபோர்டுக்குச் செல்லும் முகத்துவாரத்தின் கிழக்கே, 13ஆம் நூற்றாண்டுக் கலங்கரை விளக்கத்தோடு ஹூக் முனை நிற்கிறது; மேற்குக் கரையில் சற்று உள்ளே, பாசேஜ் ஈஸ்ட் அருகே, க்ரூக் என்ற சிற்றூர் இருக்கிறது. படையை எந்தக் கரையில் இறக்குவது என்ற கேள்வி அந்நகரைக் குறிவைத்த எவருக்கும் எழுந்திருக்கும் என்பதால், கதை நம்பும்படியாகவே அமைந்துவிட்டது.

ஆனால் குரோம்வெல்லுக்கு இதில் இடமில்லை. 1649 நவம்பரில் அவர் படை கேரிக் நகரில் ஷூர் ஆற்றைக் கடந்து தரைவழியாகவே வாட்டர்ஃபோர்டை நெருங்கியது. மழையாலும் நோயாலும் நலிந்து, டிசம்பர் தொடக்கத்தில் வெறுங்கையோடு திரும்பியது. நகரம் பணிந்தது அடுத்த ஆண்டு, அவருடைய மருமகன் அயர்ட்டனிடம். தவிர, அயர்லாந்திலேயே வாழ்ந்த கவிஞர் ஸ்பென்சர் 1590இல் இத்தொடரைக் கையாண்டிருக்கிறார். குரோம்வெல் பிறந்ததே 1599இல்தான்.

இதை அறிந்தவர்கள் சூளுரையை 1170க்குத் தள்ளி, பாசேஜ் அருகே கரையிறங்கிய நார்மன் தலைவர் ஸ்ட்ராங்போவின் வாயில் வைப்பார்கள். காலக்கணக்கைக் கொண்டு இதை மறுக்க முடியாது. எனினும் எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. 1380ஐ ஒட்டி, திருச்சபையைக் கண்டித்த ஆங்கில அறிஞர் விக்ளிஃபின் பெயரில் வழங்கும் எழுத்துகளில் இத்தொடர் வரும் இடம், திருச்சபையினர் புனிதச் சடங்குகளை மக்கள் தலையில் கட்டிக் காசு பறிப்பதைச் சாடும் இடம். அங்கே போரும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. அதைவிட வலுவான சான்று, 1390 அளவில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கோவர் எழுதிய கவிதை. அதில் 'ஹூக்' என்பதற்குப் பதிலாக, கிளை கழிக்கும் அரிவாளைக் குறிக்கும் 'ஹெப்' என்ற சொல், தொரட்டியைக் குறிக்கும் 'க்ரூக்' உடன் இணைந்து வருகிறது. ஊர்ப்பெயராக இருந்திருந்தால் அதன் இடத்தில் ஒரு கருவியின் பெயர் வந்து உட்கார்ந்திருக்காது.

அரிவாளுக்கும் தொரட்டிக்கும் எட்டும் காய்ந்த கிளைகளை மட்டும் குடியானவர்கள் காட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய விறகு உரிமையிலிருந்தே தொடர் பிறந்தது என்பார்கள். கருவிகள் என்பதுவரை நான் உடன்படுவேன். விறகு என்பது பொருத்தமான ஊகம் மட்டுமே. கோவர் பேசுவது பொய்ச்சாட்சி சொல்லி எசமானரை வெல்லவைப்பவர்களைப் பற்றி; அதாவது அவர் காலத்திலேயே இத்தொடர் காட்டை விட்டு வழக்குமன்றத்துக்கு வந்துவிட்டது.