மிளகாய் நாற்று வட்டம் வட்டமாகச் சாய்கிறதா? முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: ஒரு ஏக்கர் நடவுக்காக 400 கிராம் மிளகாய் விதையை அரை சென்ட் பாத்தியில் தூவினேன். இன்றோடு 18 நாள் ஆகிறது. நான்கு நாளாக நாற்றுகள் வட்டம் வட்டமாகச் சாய்ந்து மடிகின்றன. காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறேன். கார்பன்டாசிம் தெளித்தும் நிற்கவில்லை. இலை வெளிறியிருக்கிறது, யூரியா தூவலாமா?

பதில்: யூரியா வேண்டவே வேண்டாம். ஈரம் வடியாத மண்ணில் வேர் மூச்சுவிட முடியாமல்தான் இலை வெளிறுகிறது. இந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் தண்டு இன்னும் இளசாகி, நோய்க்கு வசதியாகிவிடும்.

சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி வெந்ததுபோல் நீர்கோத்து, நூலாகச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். கத்தரித்ததுபோல் துண்டாகியிருந்தால் வெட்டுப்புழு. அதற்கு வைத்தியம் வேறு. நீங்கள் சொல்லும் வட்டமான திட்டுகள் நாற்றழுகலின் அடையாளம். பித்தியம் என்ற கிருமி மண்ணில் இருந்துகொண்டு, தண்ணீர் தேங்கும்போது நீந்தும் வித்துகளை விட்டு, பக்கத்து நாற்றுக்குப் போகிறது. அதனால்தான் ஒரு புள்ளியில் தொடங்கி வட்டமாக விரிகிறது. கார்பன்டாசிம் பல பூசண நோய்களுக்கு நல்ல மருந்து; ஆனால் பித்தியத்தின் மேல் அது வேலை செய்யாது. உங்கள் தெளிப்பு பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்று மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். நாளையும் ஊற்ற வேண்டாம், மேல்மண் வெளுக்கட்டும். வைக்கோல் மூடாக்கு மிச்சமிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முளை தெரிந்த பிறகும் அது கிடந்தால் தண்டு வெளிறி நீண்டு, அடியில் ஈரம் காயாது. செத்த திட்டை மட்டும் அகற்றினால் போதாது. அதைச் சுற்றி நான்கு விரற்கடை தூரத்துக்கு நல்லதாகத் தெரியும் நாற்றையும் சேர்த்து, மண்ணோடு அள்ளி வெளியே புதைத்துவிடுங்கள். அந்த ஓரத்தில் நோய் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

நாளை மறுநாள் காலை காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து, பூ முனை மாட்டிய பூவாளியால் வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். சதுர மீட்டருக்கு 3 லிட்டர் என்று வைத்தால், உங்கள் பாத்திக்கு 60 லிட்டர் தண்ணீர், 150 கிராம் மருந்து. இலையில் புகைபோல் தெளித்தால் பயனில்லை. மருந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். புதிதாகச் சாய்வது தெரிந்தால் 15 நாள் கழித்து இன்னொரு முறை ஊற்றலாம். நோயை அடக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவையோ சூடோமோனாஸையோ இந்தக் கரைசலில் கலக்காதீர்கள். குறைந்தது 10 நாள் இடைவெளி விடுங்கள்.

இனி காலையில் மட்டும், மேல்மண் காய்ந்ததைப் பார்த்து ஊற்றுங்கள். மாலையில் ஊற்றிய ஈரம் இரவு முழுவதும் தண்டடியில் நிற்கும்.

நோய் உங்கள் பாத்தியில் இவ்வளவு வேகமாகப் பரவ நெரிசலும் காரணம். மிளகாய் விதை கிராமுக்கு 150க்கு மேல் இருக்கும். 20 சதுர மீட்டரில் 400 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு மூவாயிரம் விதை. காற்றுப் போக இடமே இல்லை. இந்த அளவு விதைக்கு ஒரு சென்ட் பாத்தி வேண்டும். நெருக்கமான இடத்தில் மெலிந்தவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் நறுக்கி எடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அறும்.

60 × 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 15,000 நாற்றுப் போதும். ஒரு சதுர அடியில் எண்ணிப் பார்த்து மொத்தத்தைக் கணக்கிடுங்கள். ஐயாயிரம் குறையுமென்றால், 98 குழி கொண்ட குழித்தட்டு 60 எடுத்து, தட்டுக்கு 1.2 கிலோ மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக இப்போதே போட்டுவிடுங்கள். சுமார் 35 நாளில் நடவுக்கு வரும்.

புதுப் பாத்தி போடுவதானால் பழைய இடம் வேண்டாம். 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி எடுங்கள். நன்றாக மக்கிய தொழுஉரம் 50 கிலோவுடன் டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் 15 நாள் வைத்த பிறகு பாத்தியில் இடுங்கள். பாதி மக்கிய சாணம் இந்த நோய்க்குத் தீனி. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, 10 செ.மீ. வரிசையில் விதையுங்கள். தூவுவதைவிட இதற்கு ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும். ஆனால் களை எடுக்கவும், நோய் தொடங்கும் இடத்தை அன்றே கண்டுபிடிக்கவும் வரிசைதான் உதவும்.

தப்பிய நாற்றை 40 முதல் 45 நாளில் நடலாம். ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, பிடுங்குவதற்கு முந்தைய நாள் மட்டும் நன்றாக நனையுங்கள். பிடுங்கியதும் வேரை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் வைத்து நடுங்கள். தண்டடியில் பழுப்புத் தழும்பு உள்ள நாற்றை எண்ணிக்கைக்காகக்கூட வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.