கையெழுத்துப் போடாவிட்டால் மாத்திரை நின்றுவிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் காசநோய். இரண்டு மாதமாக அரசு மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் ஆய்வு என்று இரண்டு பேர் வந்தார்கள். எனக்கும் மாமியாருக்கும் நாலு வயது மகனுக்கும் ரத்தம் எடுக்க வேண்டுமாம். இருபது பக்கத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. மறுத்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? ஆய்வில் சேர்ந்தால் 5,000 ரூபாய் வாங்கித் தருவதாகச் சொல்லி, தெருவில் ஒருவர் எங்கள் ஆதார் அட்டையை வாங்கிப் போயிருக்கிறார்.
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் போய் அந்த ஆதார் அட்டையைத் திரும்ப வாங்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மாத்திரை நிற்காது. காசநோய் மருந்து அரசுத் திட்டத்தில் எல்லோருக்கும் இலவசம். ஆய்வில் சேர்வதும் சேராததும் உங்கள் இஷ்டம். சேர்ந்த பிறகு பாதியில் விலகினாலும் யாரும் காரணம் கேட்டு நெருக்கக் கூடாது, சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத்தான் சொல்கின்றன.

மாமியார் கைநாட்டு வைப்பதாக இருந்தால், தாளில் உள்ளதை அவருக்குப் படித்துச் சொல்லும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும். வந்த இரண்டு பேரில் ஒருவரே சாட்சிக் கையெழுத்தையும் போட்டால் அது செல்லாது. கையெழுத்திட்ட தாளின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதில் ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். இல்லையென்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரத்தம் கொடுக்க மாட்டேன். அந்த இருபது பக்கம் புரியவில்லையே என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தத் தமிழ் எனக்கே சில சமயம் புரிவதில்லை. புரியும்படி வாயால் சொல்லும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தமோ சளியோ கேட்பவர்கள் எல்லோரும் ஆய்வுக்காரர்கள் இல்லை. காசநோயாளி உள்ள வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிப்பது அரசுத் திட்டத்தின் வேலை. அது ஆய்வு அல்ல, சிகிச்சை. அதற்கு மட்டும் மறுக்காதீர்கள். உங்கள் மகனுக்கு நாலு வயது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இந்தக் கிருமி நுரையீரலோடு நிற்காமல், மூளை உறை வரை போய்விடக்கூடும். பிறந்தபோது தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. அவனைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். வழக்கமாக ஆறு மாதம், தினமும். நோய் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நோய் வராமல் இருக்கத்தான் அந்த மாத்திரையே.

வந்தவர்கள் யார் என்று சந்தேகமா? கணவருக்கு மாத்திரை தருபவரிடமே "இது சிகிச்சையா, ஆய்வா?" என்று கேளுங்கள். இரண்டு மாதமாகியும் பையனை யாரும் பார்க்கவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வீடு தேடி வருகிறார்கள். தடுப்பு மாத்திரை கொடுக்க மட்டும் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். ஏழைத் தெருவில் நோய் அதிகம் என்பதால் ஆய்வும் அங்கேதான் நடக்கிறது. முடிவுகள் ஆங்கிலத்தில் வெளியாகும், தெருவுக்குத் திரும்பி வராது. நான் சிறு வயதில் வேலை பார்த்த ஓர் ஆய்விலும், ரத்தம் கொடுத்த வீடுகளுக்கு நாங்கள் ஒரு துண்டுத் தாள்கூடத் தரவில்லை. அதனால் "எங்கள் பரிசோதனை முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இப்படிச் சொல்வதால் ஆய்வே வேண்டாம் என்பதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் ஏழைக் குடும்பங்கள்தான் பங்கெடுத்தன. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்தில் இருப்பதற்கு ஈடாகக் குணமாகும், அதனால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959, 1960-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. உங்கள் கணவர் இன்று வீட்டில் இருப்பது அவர்கள் புண்ணியம். ஜார்க்கண்டில் நடந்த இன்னோர் ஆய்வு 2023-இல் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டிலும் சாப்பாட்டைக் கணவருக்கு மட்டும் ஒதுக்கி வைக்காமல், நீங்களும் பையனும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

அந்த 5,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். ஆய்வில் போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தரலாம். ஆனால் அதை ஆய்வுக்காரர்கள் நேரடியாகத் தருவார்கள், நடுவில் ஆள் கிடையாது. உங்கள் தெரு ஆசாமியின் கண் வேறு பணத்தின் மேல் இருக்கும் என்றே நினைக்கிறேன். சிகிச்சை முடியும்வரை காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென்று மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500. நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அதை வாங்கித் தர யாருக்கும் கமிஷன் வேண்டாம், போனில் வரும் ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம். இதுவரை பணம் வரவில்லை என்றால் கணவரின் வங்கிப் புத்தகத்தோடு மாத்திரை வாங்கும் இடத்துக்கே போங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.