9 வயதுப் பையனுக்கு எடை அதிகம். அவன் மனம் நோகாமல் எப்படிக் குறைப்பது?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். எடை மேலே ஏறாமல் நின்றாலே, உயரம் கூடக் கூட உடம்பு வாகுக்கு வந்துவிடும். அதனால் பட்டினி, டயட் சார்ட் எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கையும் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்ப்பது) அவனுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி வரைபடத்தில்தான் டாக்டர் பார்ப்பார். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தாலோ, தினமும் பலமாகக் குறட்டை விட்டாலோ, இடுப்பு, முழங்கால் வலியால் நொண்டினாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

மாற்ற வேண்டியது வீட்டை. அப்பாவுக்கென்று ஃப்ரிட்ஜில் கோலா இருக்கும், பையன் மட்டும் தொடக்கூடாது என்றால் அவன் ஒளித்துச் சாப்பிடத்தான் பழகுவான். முதலில் குடிப்பதில் கை வையுங்கள். 330 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது 7 டீஸ்பூன். அத்தனையும் உள்ளே போயும் வயிறு நிறையாது. பழச்சாறும் இதில் சேர்த்திதான். பழமாகவே கடித்துச் சாப்பிடட்டும். தண்ணீரும் சர்க்கரை போடாத பாலும் போதும். இது எல்லோருக்கும் பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றிய வீடுகள் ஒரு மாதம் தாங்குவதில்லை.

என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. பசியோடு வந்து உட்காரும்போது காயை முதலில் வையுங்கள், மற்றதைக் கொஞ்சமாகப் பரிமாறுங்கள். மறுபடி கேட்டால் மறுக்காதீர்கள், பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போடுங்கள். வயிறு நிறைந்தது மூளைக்கு எட்ட 15, 20 நிமிடம் ஆகும். டிவி ஓடினால் அந்தச் செய்தி கவனத்துக்கே வராது. தட்டில் மிச்சம் வைத்தால் வற்புறுத்தவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடல் அசைய வேண்டும். ஒரே மூச்சில் இல்லை, பிரித்துச் செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் சேர்ந்து 10 நிமிட நடையில் தொடங்குங்கள். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளை சீக்கிரம் விளையாட்டையே வெறுத்துவிடும். நீச்சல், சைக்கிள் போன்றவற்றில் மூட்டுக்கும் பாரம் குறைவு. "இவ்வளவு சாப்பிட்டாயே, போய் ஓடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தூக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

எடை மெஷினில் தினமும் ஏற்றாதீர்கள், மாதம் ஒருமுறை உயரத்தோடு சேர்த்துக் குறித்தால் போதும். உறவினர் யாராவது "குண்டு" என்று கூப்பிட்டால் அவன் முன்னாலேயே தடுத்துவிடுங்கள். பாசத்தில் தின்பண்டம் வாங்கி வரும் தாத்தா பாட்டியிடம், அதற்குப் பதிலாக அவனோடு அரை மணி நேரம் விளையாடச் சொல்லுங்கள்.