‘வாங்கி’ என்றொரு வினையெச்சம்

கேள்வி: கிண்டிலில் 300 புத்தகங்கள் வாங்கிச் சொந்தமாக ஒரு நூலகமே வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இது என் மகனுக்குச் சேருமா? மின்நூல் வந்ததால் அச்சு நூல் விற்பனை படுத்துவிடுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ‘வாங்கி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல தமிழ். ஆங்கில ‘பை’ (Buy) பொத்தானில் உள்ள பொய் நம் சொல்லில் இல்லை. கடன் வாங்குகிறோம், இரவல் வாங்குகிறோம், வீட்டில் திட்டு வாங்குகிறோம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதில் எது நமக்கே சொந்தம்? திட்டு ஒன்றுதான்.

உங்கள் 300 புத்தகமும் ஒத்திக்குப் பிடித்த வீடு மாதிரி. ஒத்தியிலாவது காலம் முடிந்தால் போட்ட பணம் திரும்பும். ‘விற்கவில்லை, உரிமம்தான் தருகிறோம்’ என்று கிண்டிலை நடத்தும் அமேசானின் நிபந்தனையிலேயே இருக்கிறது. படிக்காமல் சம்மதம் தட்டியிருப்பீர்கள்; நானும்தான். மகனுக்குக் கடவுச்சொல் தெரிந்தால் படிக்கலாம். அதற்குப் பெயர் வாரிசுரிமை அல்ல, கொல்லைப்புற வழி. உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போடக்கூடாது என 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. அச்சுப் பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அதன்மேல் பதிப்பாளருக்குப் பிடி கிடையாது. திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருப்பது அந்தத் தைரியத்தில்தான். மின்நூலுக்கு நடைபாதை ஏது?

விற்பனை படுக்குமா என்கிறீர்கள். 1,000 பிரதி போட்டவர்கள் இப்போது 100 போட்டுவிட்டு, தீர்ந்தால் இன்னொரு 100 என்கிறார்கள். படுக்கவைக்க மின்நூல் வேறு வேண்டுமா?

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். புத்தகத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர். குறிப்புக்குக் கூலி! உடனே ஒரு விமர்சக நண்பர் ஞாபகம் வந்தார். 1994இல் என் முதல் சிறுகதைத் தொகுப்பை என்னிடமே இரவல் வாங்கிப்போனார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரமெல்லாம் பென்சில்: ‘அபத்தம்’, ‘இதுவும்’, ‘பக்கம் 106 பார்க்க’. பதறிக்கொண்டு 106ஐப் புரட்டினால், ‘முந்தினதே தேவலை.’

மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி அவருக்கு நான் 25 டாலர் பாக்கி. அதே பையில் என் தமிழ் அகராதியின் கடைசித் தொகுதியையும் கொண்டுபோனார். அது இன்னும் வரவில்லை. ‘வாங்கு’வுக்கு என்னென்ன பொருள் என்று இந்தப் பதிலுக்காகப் பார்க்கலாம் என்றால், அந்தப் பக்கம் அவர் வீட்டில் இருக்கிறது.