வான்டாபிளாக்கை வீட்டுச் சுவருக்கு அடிக்கலாமா? சாதாரணக் கறுப்பு பெயிண்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

அடிக்க முடியாது. வான்டாபிளாக் என்பது விழுகிற ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும் பூச்சு; டப்பாவில் வாங்கி பிரஷ்ஷால் பூசுகிற பொருள் இல்லை அது. உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தொலைநோக்கி செய்வது என் பொழுதுபோக்கு. குழாயின் உட்புறத்தை எப்படிக் கறுப்பாக்குவது என்பது எங்கள் கூட்டத்துக்குத் தீராத கவலை.

நல்ல மேட் கறுப்பு பெயிண்ட்கூட விழுகிற ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சாயம் போதாததால் அல்ல. காற்றிலிருந்து பெயிண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் அளவு) சட்டென்று மாறுகிறது. அந்த எல்லையிலேயே கொஞ்சம் ஒளி தெறித்துவிடுகிறது. எத்தனை கறுப்பான சாயம் கலந்தாலும் இந்தத் தெறிப்பு போகாது.

வான்டாபிளாக் போன்ற கார்பன் நானோகுழாய்ப் பூச்சு அந்த எல்லையையே அழித்துவிடுகிறது. தலைமுடியைவிடச் சில ஆயிரம் மடங்கு மெல்லிய குழாய்கள், மூங்கில் தோப்பு மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கின்றன. பெரும்பகுதி காலி இடம்தான் என்பதால் அதன் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட காற்றினுடையதே. ஒளி தடங்கலில்லாமல் உள்ளே போய், குழாய்களுக்கிடையே மோதி மோதி வெப்பமாகிவிடுகிறது. கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் ஷான்-யு லின்னும் சேர்ந்த அமெரிக்கக் குழு, 2008-இல் 0.045% மட்டுமே தெறிக்கும் பரப்பை உருவாக்கியது. 2014-இல் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் வெளியிட்ட வான்டாபிளாக் 99.965% ஒளியை உறிஞ்சியது. 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு, தங்கள் பூச்சு 99.995% உறிஞ்சுகிறது என்றது.

சரி, சுவருக்கு ஏன் ஆகாது? இந்தக் குழாய்களைச் சூடான கலனுக்குள் வாயுவிலிருந்து வளர்க்க வேண்டும். விரல் பட்டால் நசுங்கிப் படுத்துவிடும், அந்த இடத்தில் கறுப்பு போய்விடும். 2019-இல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்6 காரில் பார்த்தது வான்டாபிளாக்கின் தெளிப்பு வகை. அதையும் கடையில் வாங்க முடியாது.

வான்டாபிளாக்கைக் கலையில் பயன்படுத்தும் உரிமையைக் கலைஞர் அனிஷ் கபூருக்கு மட்டும் கொடுத்ததால் வந்த சண்டைதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மங்கலான விண்மீன்களைப் பார்க்கும் கருவிக்குள் பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி ஒரு துளி தெறித்தாலும் படம் கெட்டுவிடும். நாசாவின் காடார்ட் மையம் 2011-இலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் புற ஊதாவிலும் சுமார் 99.5% உறிஞ்சும் நானோகுழாய்ப் பூச்சை உருவாக்கியது இதற்காகத்தான்.

கையில் பிடித்து அடிக்கும்படி வேண்டுமென்றால் ஜப்பானின் முசோ பிளாக் என்ற அக்ரிலிக் பெயிண்ட் இருக்கிறது, 99.4% என்கிறார்கள். அதுவும் கை படாத இடத்துக்குத்தான் சரி. தொலைநோக்கிக் குழாய்க்கு நான் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டுகிறேன். என் வேலைக்கு அது போதும்.