ஐந்தாவது முடிக்கிறாள், அடுத்து எந்தப் பள்ளி?

கேள்வி: செல்லம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மல்லிகைத் தோட்டம்தான் வருமானம். மகள் ஊரிலுள்ள அரசு கள்ளர் சீரமைப்புத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கிறாள். உசிலம்பட்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கேட்டோம். வருஷத்துக்கு 38,000 ஃபீஸ், வேனுக்கு மாதம் 1,500. மாதக் கடைசிக்குள் 5,000 அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். மூன்று கிலோமீட்டரில் கள்ளர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே போட்டால் இங்கிலீஷே வராது என்கிறார் என் மாமியார். எய்டட் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அதுவும் கவர்மென்ட் பள்ளி மாதிரிதானே? எதில் சேர்க்கலாம்?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம் அம்மா. பலரும் சறுக்குகிற இடம் அதுதான். எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுத்தாலும், கல்லூரி இட ஒதுக்கீடு என்று வரும்போது அது அரசுப் பள்ளிக் கணக்கில் வராது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்தி. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 'இப்போதைக்கு மெட்ரிக்கில் போட்டுவிட்டு ஒன்பதாவதில் மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைத்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) கிடைத்த இலவச இடத்தில் எட்டாவது வரை படித்த பிள்ளைகளுக்குத்தான் விலக்கு. அதனால் நீங்கள் இப்போது எடுக்கும் முடிவு ஏழு வருஷத்துக்கானது.

கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து கணக்கு. அதில் மட்டும் எய்டட் பள்ளியின் தமிழ்வழிப் பிள்ளைகளையும் பிறகு சேர்த்தார்கள். மாநில அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமைக்கோ, ஒன்றாவதிலிருந்தே தமிழ்வழி வேண்டும். அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவில் சேர்த்தால் 7.5 தங்கும், இது போய்விடும்.

அடுத்து பணம். 38,000, வேனுக்குப் பத்து மாதம் 15,000, ஆக 53,000. ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும் ஏழு வருஷத்துக்கு 3,71,000. புத்தகம், இரண்டு செட் சீருடை, ஷூ, ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் இதற்கு மேல். மார்கழிப் பனியில் பூ வரத்து விழும். டேர்ம் ஃபீஸ் அதற்காகக் காத்திருக்காது. தனியார் பள்ளிக்கு இவ்வளவுதான் கட்டணம் என்று நிர்ணயிக்க அரசுக் குழு உண்டு. அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ஆணையில் உள்ள தொகைக்கும் உங்களிடம் சொன்ன தொகைக்கும் இடைவெளி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இன்று ராத்திரியே மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வகுப்பு ஆங்கிலப் புத்தகம். அதன்பின் 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 103 வந்தால் நல்லது. 13 என்று எழுதினால் நடுவில் பூஜ்யம் போட வேண்டிய இடம் அவளுக்குப் பிடிபடவில்லை. தமிழே தட்டுத்தடுமாறினால் ஆங்கிலவழி மெட்ரிக்கில் நிலைமை மோசமாகும். அறிவியலையும் சமூக அறிவியலையும் புரியாமல் உருப்போடப் பழகிவிடுவாள். தமிழ் சரளமாக வந்து ஆங்கிலம் மட்டும் திக்கினால் அது தினமும் இருபது நிமிஷ வேலை: ஒரு பத்தி சத்தமாக வாசிப்பு, ஐந்து புதுச் சொல், வாசித்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லுதல். இதற்காக வருஷம் 53,000 செலவழிக்க வேண்டியதில்லை.

கள்ளர் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். ஆறு முதல் எட்டு வரை கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, காலியிடமா? பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவு உண்டா, வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஆள் உண்டா? பெண்பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா? கேட்டதோடு நிற்காமல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் தேதியோடு திருத்தம் இருந்து, பிள்ளை தப்பை அடித்துத் திருப்பிப் போட்டிருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. நாலு நோட்டிலும் ஒரே விடை, ஒரே அடித்தல் என்றால் போர்டைப் பார்த்து எழுதியது.

மெட்ரிக் பள்ளியிலும் நோட்டைப் பாருங்கள். ஆனால் அங்கே முக்கியமான கேள்வி வேறு: போன வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க எத்தனை ஆசிரியர் மாறினார்கள்? குறைந்த சம்பளத்தில் ஆள் நிற்பதில்லை. ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்களா என்பதையும் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இல்லை. அந்த வருஷப் பாடத்தையும் தாண்டிக் குதிக்கிற ஆசை சில பள்ளிகளுக்கு வரும். ஆனால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் பதினொன்று, பன்னிரண்டு என இரண்டு வருஷப் பாடமும் வரும்.

எங்கள் கருத்து: கள்ளர் பள்ளியில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இருந்தால் அங்கேயே, தமிழ்வழியிலேயே சேர்த்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் முடிந்ததை அஞ்சலக ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். கணக்கு ஆசிரியர் இடம் நீண்ட நாளாகக் காலி, இப்போதைக்கு ஆள் வரும் வழியும் இல்லை என்று தலைமையாசிரியரே சொன்னால், உசிலம்பட்டிப் பக்கம் இன்னோர் அரசுப் பள்ளியைப் பாருங்கள். பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால்தான் எய்டட், தமிழ்வழியில். மெட்ரிக் அதற்கும் பிறகு.

அந்த 5,000-ஐ இந்த மாதம் கட்ட வேண்டாம். அரசுப் பள்ளியில் ஜூனிலும் சேர்த்துக்கொள்வார்கள். டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.