வாஷர் நாசிலை மாற்றும் முன்: கேள்வி பதில்

போன மாதம் என் பதினோரு வயது ஹேட்ச்பேக் காரின் பானெட்டில், முன்கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் அடிக்கும் பழைய ஓட்டை நாசில்களைக் கழற்றிவிட்டு, விசிறி போலத் தூவும் நாசில்களை மாட்டினேன். மாட்டிய வேலை முக்கால் மணி நேரம்தான். அதற்கு முன் தப்புத் தப்பாகச் செய்து பார்த்ததுதான் மூன்று வாரம். விஷயம் தெரிந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எல்லாருக்கும் இங்கே பதில்.

திருச்சி: அண்ணே, பழைய நாசிலுக்கும் இந்த விசிறி நாசிலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ரெண்டும் தண்ணிதானே அடிக்குது?

பழையதில் ஒரு சின்ன உருண்டை, அதன் நடுவே ஊசி நுழையும் அளவு ஓட்டை. தண்ணீர் நூல் பிடித்த மாதிரி நேராக வந்து கண்ணாடியில் இரண்டு, மிஞ்சினால் நான்கு இடத்தில் விழும். மற்ற இடத்துக்கு அதைக் கொண்டுபோவது வைப்பரின் பாடு. அப்படியென்றால் முதல் இழுப்பு பாதிக் கண்ணாடியில் உலர்ந்த மண்ணின் மேல்தான் நடக்கிறது. பழைய கார்களின் கண்ணாடியில் எதிர்வெயிலில் அரைவட்டக் கீறல்கள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இந்த உலர் தேய்ப்பின் கைங்கரியம்.

விசிறி நாசிலுக்குள் விரல் நகம் அளவில் ஒரு பிளாஸ்டிக் சில்லு இருக்கும். அதில் வெட்டியிருக்கும் வளைந்த பாதைகளுக்குள் போகும் தண்ணீர், தானாகவே இடமும் வலமும் மாறி மாறி ஆடத் தொடங்கும். நம் கண்ணுக்கு அது விரிந்த விசிறியாகத் தெரிகிறது. உள்ளே அசையும் பாகம் எதுவுமே கிடையாது. 1960 வாக்கில் அமெரிக்க ராணுவத்தின் டைமண்ட் ஆய்வகத்தில், மின்சாரம் இல்லாமல் வெறும் நீரோட்டத்தாலேயே கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சியின் வாரிசுதான் இது.

சென்னை: சார், பட்டனை அழுத்தினா சின்னக் குழந்தை ஒண்ணுக்குப் போற மாதிரி வருது. கண்ணாடியைத் தொடவே மாட்டேங்குது. நாசில் மாத்தினா சரியாயிடுமா?

மேடம், அவசரப்பட்டு வாங்காதீர்கள். நாசில் என்பது வரிசையில் கடைசி ஆள். டேங்க், பம்ப், ஹோஸ், அதன் பிறகுதான் நாசில். முன்னால் இருக்கும் மூன்றில் ஒன்று சோர்ந்து போயிருந்தால், புது நாசிலிலும் அதே கதைதான். சொல்லப்போனால் விசிறி நாசில் நல்ல அழுத்தம் கேட்கும். பலவீனமான பம்பில் அது பழையதைவிட மோசமாகச் சொட்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன். பானெட்டைத் திறந்து, நாசிலின் அடியில் வரும் ஹோஸை உருவி ஒரு டம்ளருக்குள் விடுங்கள். யாரையாவது உள்ளே உட்கார வைத்து ஐந்து நொடி அழுத்தச் சொல்லுங்கள். அரை டம்ளருக்கு மேல் சீறிக்கொண்டு வந்தால் பம்பும் ஹோஸும் நன்றாகத்தான் இருக்கின்றன, அடைப்பு நாசிலில். மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் இளைத்து வருகிறது என்றால், வழியில் எங்கோ ஹோஸ் வெடித்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், அல்லது பம்பின் வாயில் இருக்கும் சல்லடை பாசி பிடித்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

ஹோஸ் அதிகம் வெடிக்கும் இடம் பானெட்டின் கீல் பக்கம். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அங்கேதான் மடங்குகிறது. கை வைத்துத் தடவினால் ஈரம் தெரியும்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. நாசில் வாயில வெள்ளையாப் படியுது. குண்டூசியால குத்திக் குத்தி அலுத்துப் போச்சு.

உங்கள் ஊரின் அடியே சுண்ணாம்புப் பாறைதானே, அங்கே கிணற்றுத் தண்ணீரை டேங்கில் ஊற்றினால் நாசில் அடைக்கத்தான் செய்யும். முதலில் குண்டூசியை நிறுத்துங்கள். பழைய உருண்டை நாசிலில் ஊசியைவிட்டுத் திருப்பலாம், அது கோணம் மாற்றுவதற்கு. அடைப்பெடுக்கக் குத்தினால் ஓட்டை கோணலாகி, தண்ணீர் வாழ்நாள் முழுக்கப் பக்கவாட்டில் போகும். விசிறி நாசிலில் ஊசியே கூடாது. உள்ளே இருக்கும் சில்லின் ஓரம் கொஞ்சம் கீறினாலும் விசிறி கலைந்துவிடும்.

நாசிலைக் கழற்றி, வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் வெந்நீரில் அலசி, ஹோஸ் மாட்டும் பக்கத்தைவிட்டு எதிர்ப்பக்கமாக, தண்ணீர் வெளியே வரும் வாயிலிருந்து உள்நோக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்ணீரை அழுத்துங்கள். சுண்ணாம்புத் துகள் வந்த வழியே திரும்பி வரும். அப்புறம் டேங்குக்கு மழைத் தண்ணீரோ வடிகட்டிய குடிதண்ணீரோ பயன்படுத்துங்கள்.

ஈரோடு: படிப்படியா எப்படி மாட்டினீங்கன்னு சொல்லுங்க அண்ணா. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்பேனரே தேவைப்படாது. முதலில் அளவு. பானெட்டில் இருக்கும் துளை வட்டமா சதுரமா, எத்தனை மில்லிமீட்டர், தகடு எவ்வளவு தடிமன், ஹோஸ் மாட்டும் மூக்கு நேராக இறங்குகிறதா பக்கவாட்டில் திரும்புகிறதா, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய நாசிலையே கழற்றிக் கையில் கொண்டுபோவது உத்தமம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிதாகவும் புதுப்பேட்டையில் கழற்றியதாகவும் கிடைக்கும். உங்கள் காரின் அடுத்த மாடலிலோ, அதே கம்பெனியின் விலை கூடிய காரிலோ விசிறி நாசில் வந்திருந்தால் அதை முதலில் பொருத்திப் பாருங்கள். பல நேரம் துளை ஒன்றாகவே இருக்கும். எனக்கு அப்படித்தான் அமைந்தது, துளையைத் தொடவே இல்லை.

அமையாவிட்டால் துளையைப் பெரிதாக்கலாமா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். தகட்டை அறுத்தால் பெயிண்ட் போன ஓரத்தில் துரு ஏறும், இரண்டு மழைக்காலத்தில் நாசிலைச் சுற்றிப் பெயிண்ட் உப்பும். வேறு நாசில் தேடுங்கள்.

கழற்றும்போது பானெட்டுக்கு மேலே, நாசிலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அடியில் வெப்பத் தடுப்புப் பாய் இருந்தால் அதன் பிளாஸ்டிக் கிளிப்புகளை நடு ஊசியைத் தூக்கிவிட்டு உருவுங்கள். வயதான கிளிப்பில் ஒன்றிரண்டு உடையும், முன்கூட்டியே நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸை வெறும் கையால் இழுக்காதீர்கள். பத்து வருட வெப்பத்தில் அது கல்லாகியிருக்கும், இழுத்த வேகத்தில் நாசிலின் மூக்கு ஒடியும். சூடான தண்ணீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் சுற்றி வைத்துவிட்டு, முறுக்கி முறுக்கி எடுங்கள். பிறகு நாசிலின் இரண்டு பக்கத்து நாக்குகளையும் மூக்குப் பிளையரால் அழுத்தி, அடியிலிருந்து மேலே தள்ளினால் வந்துவிடும்.

புதிதை மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஹோஸைத் திறந்தபடியே விட்டு, பம்பைச் சில நொடி ஓட்டி உள்ளே இருக்கும் பாசியையும் துகளையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் முதல் ஜோடியை மாட்டினேன். பத்தே நிமிடத்தில் ஒரு பக்கம் விசிறி, இன்னொரு பக்கம் பழையபடி கயிறு. கழற்றிப் பார்த்தால் சில்லுக்குள் பச்சையாய் ஒரு துணுக்கு.

அந்த வெறுப்பில் இன்னொரு தப்பும் செய்தேன். பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் காற்றை நாசில் பக்கமிருந்தே அடிக்கச் சொன்னேன். சட்டென்று ஒரு சத்தம். ஃபெண்டருக்குள்ளே, பம்பிலிருந்து ஹோஸ் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அதைத் திரும்ப மாட்ட முன்சக்கரத்தையும் உள்தட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஊதுவதென்றால் ஹோஸை இரு முனையிலும் கழற்றிவிட்டு ஊதுங்கள்.

கோவை: பட்டனை அழுத்தி ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் தண்ணி வருது. அதுக்குள்ள வைப்பர் காய்ஞ்ச கண்ணாடியில ஓடிடுது.

அழுத்தியது நின்றதும் ஹோஸில் இருக்கும் தண்ணீர் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடுகிறது. அடுத்த முறை காலி ஹோஸை நிரப்பத்தான் அந்த இரண்டு நொடி. ஒருவழி வால்வு ஒன்று போட்டால் தீரும். அம்புக்குறி நாசிலைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு நாசிலுக்கும் பிரியும் டி ஜாயிண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள்.

இதற்கு மீன் தொட்டிக் கடைக்குப் போகலாம். காற்று பம்புக்குப் போடும் வால்வும் டியூபும் பெரும்பாலான கார் ஹோஸுக்குப் பொருந்தும், ஏனென்றால் இரண்டுமே உள்ளளவு சுமார் 4 மில்லிமீட்டர். சென்னைக்காரர்கள் கொளத்தூர் பக்கம் போனால் வகை வகையாகப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை எஞ்சின் சூட்டில் நிரந்தரமாக விடாதீர்கள், ஆறு மாதத்தில் மஞ்சளாகி விறைத்துவிடும். ஹோஸ் மாற்றுவதென்றால் ரப்பர் அல்லது சிலிக்கான்.

மதுரை: பம்ப் மாத்தினேன். இப்ப முன்னாடி அடிச்சா பின்கண்ணாடியில தண்ணி வருது, பின்னாடி அடிச்சா முன்னாடி வருது! பேய் பிடிச்சிருக்கா?

பேய் இல்லை, வயர் மாறியிருக்கிறது. பின்வைப்பர் உள்ள பல ஹேட்ச்பேக்குகளில் ஒரே பம்ப்தான், இரண்டு வாய். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் முன்னால் போகும், எதிர்த்திசையில் சுற்றினால் பின்னால் போகும். பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். வயரை மாற்றுங்கள், அல்லது இன்னும் எளிதாக இரண்டு ஹோஸையும் பம்பில் இடம் மாற்றி மாட்டுங்கள்.

பம்ப் பற்றி வேறு இருவரும் கேட்டிருந்தார்கள். ‘பவர்’ கூடிய பம்ப் தேவையில்லை, ஒழுங்காக ஓடும் பம்ப் போதும். பம்ப் உட்காரும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதுப் பம்பைச் செருகினால் சொட்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும், கிரீஸ் வேண்டாம். டேங்க் காலியாக இருக்கும்போது ஓட்டாதீர்கள், அந்தச் சின்ன மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி.

தஞ்சாவூர்: ஷாம்பு பாக்கெட் ஊத்தலாமா?

வேண்டாம். நுரை கண்ணாடியில் படலமாக நிற்கும், இரவில் எதிரே வரும் ஹெட்லைட் அதில் சிதறும். தூசியும் ஒட்டும். கடையில் விற்கும் வாஷர் திரவத்தை அதில் போட்டிருக்கும் அளவில் கலந்தால் போதும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டை ஊற்றியதாக ஒருவர் சொன்னார். அய்யா, அது எண்ணெய் மாதிரிப் படியும், உடனே வடித்துவிடுங்கள்.

வேலூர்: ஏசி தண்ணிய ஊத்துறேன். அது சுத்தத் தண்ணிதானே?

உப்பு விஷயத்தில் சுத்தம்தான், நாசில் அடைக்காது. ஆனால் ஏசியின் தூசியோடும் பூஞ்சையோடும் வருகிறது. துணியில் வடிகட்டி, வாஷர் திரவம் கலந்து பயன்படுத்துங்கள். வெறும் தண்ணீராக மட்டும் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். 2010ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லெஜியனேர்ஸ் என்ற நிமோனியா வந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. வாஷர் டேங்கில் திரவம் கலக்காமல் தண்ணீர் மட்டும் வைத்திருப்பது அதில் ஓர் ஆபத்துக் காரணியாகத் தெரிந்தது. அந்தக் கிருமிக்கு வெதுவெதுப்பான தேங்கிய நீர் பிடிக்கும், தூவும்போது காற்றில் கலந்து மூச்சில் போகும். வேலூர் வெயிலில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் டேங்க் எவ்வளவு வெதுவெதுப்பு என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்கார்பரோ, கனடா: இங்க மைனஸ் இருபதுல விசிறி நாசில் விசிறவே மாட்டேங்குது. நடுவுல ஒரு கோடா வருது. அடைப்பா?

அடைப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை தம்பி. குளிரில் வாஷர் திரவம் கெட்டியாகிறது. கெட்டியான திரவம் அந்தச் சில்லுக்குள் சரியாக ஆடாது, விசிறி சுருங்கிவிடும். வண்டி சூடானபின் விரிகிறதா பாருங்கள். விரிந்தால் நாசில் நன்றாகத்தான் இருக்கிறது. சூடேற்றும் நாசில் உங்கள் மாடலுக்கு வருகிறதென்றால் அதற்குச் செலவழிக்கலாம், இங்கே எங்களுக்கு அது வீண். அங்கே விற்கும் குளிர்காலத் திரவத்தில் மெத்தனால் இருக்கும், நச்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அரியலூர்: லாரி பின்னாடி போனாலே கண்ணாடி பூரா சுண்ணாம்புக்கல் தூசி. நாசிலை எந்த உயரத்துக்கு வைக்கிறது?

நின்ற வண்டியில் பார்க்கும்போது, வைப்பர் தேய்க்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தண்ணீரை அமுக்கி, இன்னும் கீழே விழ வைக்கும். மேலே ஏற்றி வைத்தால் கூரையைத் தாண்டி, பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் போகும், திட்டு நமக்கு. சில விசிறி நாசில்களில் சின்னத் திருகு இருக்கும், கால் திருப்பு திருப்பிப் பாருங்கள். திருகு இல்லாததில் கோணம் நிலையானது, வளைக்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் ஊர்த் தூசிக்கு ஒரு கூடுதல் சொல்: காலையில் வண்டியை எடுக்கும்போது வாஷரை நம்பாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

சேலம்: நீல லைட் எரியுற நாசில் பாத்தேன். எப்படி?

லைட் நன்றாக எரியும்.

திருநெல்வேலி: நாசில், பம்ப், ஹோஸ், வால்வு எல்லாம் மாத்தியாச்சு. தண்ணி அருவி மாதிரி வருது. ஆனா துடைச்ச பிறகும் கோடு கோடா நிக்குது அண்ணாச்சி.

வைப்பர் ரப்பர் எப்போது மாற்றினீர்கள்?